அத்தை எண்ணிய கோடுகள்

‘ஹாலைத் தடுத்து ஓர் அறை எடுக்கலாம்னு இருக்கோம். செங்கல் வேண்டாம், ஜிப்சம் போர்டு போடுங்கன்னு சொல்றாங்க. சுவர் மாதிரி வழவழன்னு இருக்குமா? விரிசல் விடாதா?’

இந்தக் கேள்வியைக் கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறேன். மாடிப்படியில் எதிரே வரும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டிருக்கிறேன். சென்ற மாதம் என் தங்கையே கேட்டாள். பிள்ளைகள் வளர்கிறார்கள், பெரியவர்கள் கூட வந்து இருக்கிறார்கள், ஃபிளாட் மட்டும் வளர்வதில்லை. அதனால் எல்லார் கண்ணும் ஹால் மேல்தான்.

தங்கைக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். வழவழப்பாக இருக்கும். விரிசலும் விடாது. ஆனால், இந்த இரண்டும் போர்டு மாட்டுகிற அன்றைக்கு முடிவாவதில்லை. மாட்டி முடித்த பிறகு வருகிற ஒரு வாரத்தில்தான் முடிவாகின்றன. அந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நாலு நாளில் ஒரு சுவர்

என் மாமியார் ஊரில் தனியாக இருந்தவர். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மருத்துவமனையில் சொன்னது திங்கட்கிழமை. எங்களுடையது இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஒன்றில் பிளஸ் டூ படிக்கும் மகன், இன்னொன்றில் நாங்கள். ஹாலின் மேற்குப் பக்கத்தைத் தடுத்து அத்தைக்கு அறை ஆக்குவது என்று அன்று இரவே முடிவானது.

செங்கல் சுவர் என்றால் சிமென்ட், தண்ணீர், பூச்சு காய்வது என்று நாள் போகும். தவிர, அடுக்குமாடியில் நினைத்த இடத்தில் செங்கல் சுவர் எழுப்பக் கூடாது. அந்த பாரத்தை எல்லாம் கீழே இருக்கிற கான்கிரீட் தளம் சுமக்க வேண்டும். ஜி.ஐ. சட்டத்தின் இரு பக்கமும் ஜிப்சம் போர்டு மாட்டிய தடுப்பு, இரு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். எனவே போர்டு என்று தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. தவறு நாங்கள் வைத்த கெடுவில் இருந்தது.

ஒப்பந்தக்காரரிடம், “வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள பெயின்ட் வரைக்கும் முடியணும்” என்றார் என் கணவர். அவரும் தலையாட்டினார். செவ்வாய்க்கிழமை சட்டம், புதன்கிழமை போர்டு. வியாழக்கிழமை காலையில் பட்டி, மதியம் பிரைமர், ராத்திரி பெயின்ட். நடுவில் நான் போய், “ஜாயின்ட் எல்லாம் கோடு கோடா தெரியுதே” என்று கேட்டேன். “அதெல்லாம் பெயின்ட்ல மறைஞ்சிடும் மேடம்” என்று பதில் வந்தது.

இந்த ஒரு வாக்கியத்தை எந்த வீட்டில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெயின்ட் எதையும் மறைக்காது. அது ஒரு தாளின் கனம்கூட இருக்காது. அடியில் பள்ளம் இருந்தால் பள்ளத்துக்கும், மேடு இருந்தால் மேட்டுக்கும் நிறம் பூசிவிட்டுப் போகும்.

சாயங்கால வெயில் சொன்னது

வெள்ளிக்கிழமை அத்தை வந்தார். அறையைப் பார்த்து, “எனக்காகவா இவ்வளவும்?” என்று கண் கலங்கினார். குழல்விளக்கு வெளிச்சத்தில் இளம் பச்சைச் சுவர் அழகாகவே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போனது. அத்தை படுத்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இந்தச் சுவர்ல நின்ன கோடு ரெண்டு, படுத்த கோடு ஒண்ணு இருக்கு. அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி முப்பத்தேழு. நான் எண்ணிட்டேன்.”

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். போர்டும் போர்டும் சேரும் இடமெல்லாம் புடைத்துத் தெரிந்தது. ஒவ்வொரு திருகாணியின் தலையும் தனித்தனியாகத் தெரிந்தது. நமக்கு அது வேலைக்கு நடுவே அரை நொடி கண்ணில் படுகிற சுவர். புரண்டு படுக்க முடியாத ஒருவருக்கு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அதுதான் உலகம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் கோடுகள் விரிசல்களாயின. கதவு நிலையின் மேல் மூலையிலிருந்து ஒன்று புதிதாகக் கிளம்பியது. மகன் கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் அது ஒரு நூல் நீண்டது. ஒப்பந்தக்காரர் போனை எடுக்கவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தவர்

கடைசியில், எங்கள் குடியிருப்பில் பல வருடமாகப் பெயின்ட் வேலை செய்யும் ஓர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் செய்த முதல் காரியம், விளக்கை அணைத்தது. ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் அடித்தார். அத்தை எண்ணியது எல்லாம் தெரிந்தது, எண்ணாதது இன்னும் பத்துப் பதினைந்தும் தெரிந்தது.

பிறகு பட்டித் தகட்டால் ஒரு ஜாயின்ட்டைச் சுரண்டினார். வெள்ளையாகப் பொருபொருவென்று உதிர்ந்தது. “டேப்பே ஒட்டல அம்மா. வெள்ளை சிமென்ட் பட்டியை அப்பிட்டுப் போயிருக்காங்க. இது பூச்சுச் சுவருக்குப் போடுறது. போர்டு ஜாயின்ட்டுக்கு இல்ல.”

அவர் சொன்னது எனக்கு விளங்க வேண்டுமானால் போர்டு என்பது என்ன என்று தெரிய வேண்டியிருந்தது. ஜிப்சம் என்பது தனக்குள்ளேயே நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு கனிமம். அதனால்தான் ஜிப்சம் தடுப்பு தீயைச் சற்று நேரம் தாங்குகிறது. சூடேறும்போது அந்த நீர் ஆவியாக வெளியேறிச் சூட்டைத் தணிக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தை ஒட்டிய மண்மேடுகளில் கண்ணாடிச் சில்லு போல மின்னிக்கொண்டு கிடப்பது இதுதான். இதை மாவாக்கி, பக்குவப்படுத்தி, இரண்டு கெட்டித் தாள்களுக்கு நடுவே வைத்தால் ஜிப்சம் போர்டு. அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-ல் காப்புரிமை பெற்ற பலகைதான் இதற்கு மூதாதை.

ஆக, நாம் கை வைத்துத் தடவுவது தாள். அந்தச் சுவரின் பலம் தாளில் இருக்கிறது. இரண்டு போர்டுகள் சேரும் இடத்தில் மட்டும் தாள் அறுந்துபோகிறது. அறுந்த அந்த இடத்தைத் தாளாலேயே மறுபடி தைப்பதுதான் டேப் ஒட்டுவது. டேப் இல்லாமல் எந்தப் பட்டியை அப்பினாலும், சட்டம் கொஞ்சம் அசைந்ததும் விரிசல் விடத்தான் செய்யும்.

மூன்று கை, மூன்று நாள்

அண்ணன் வேலை தொடங்கிய அன்றே சொல்லிவிட்டார்: “ஒரு வாரம் ஆகும். நாலு நாள்ல கேட்டீங்கன்னா நான் வரல.” அந்த வாரம் முழுக்க அத்தையை எங்கள் அறைக்கு மாற்றினோம். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

முதலில் திருகாணி. தலை போர்டின் மட்டத்துக்கு மிக லேசாக உள்ளே இருக்க வேண்டும். ஆனால் தாளைக் கிழித்துவிடக் கூடாது. கிழிந்தால் அந்த ஆணிக்குப் பிடிமானம் போய்விடும். அதன் பக்கத்திலேயே இன்னொன்று அடிக்க வேண்டும். ஓரங்களில் எட்டு அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் ஓர் அடிக்கு ஒன்று இருந்தால் போர்டு ஆடாது. பட்டித் தகட்டைச் சுவரில் சரித்து இழுத்துக்கொண்டே போனார். ‘டிக்’ என்று தட்டிய இடத்திலெல்லாம் ஆணித்தலை வெளியே நிற்கிறது என்று அர்த்தம்.

அடுத்து ஜாயின்ட். போர்டின் நீள ஓரங்களைக் கவனித்தால் சற்றே சரிந்து மெலிந்திருக்கும். இரண்டு போர்டு சேரும்போது அங்கே ஓர் ஆழமில்லாத வாய்க்கால் உண்டாகும். டேப்பும் பட்டியும் உட்காருவதற்கென்றே தொழிற்சாலையில் விட்ட இடம் அது. போர்டை வெட்டிய ஓரத்தில் இந்தச் சரிவு இருக்காது. எங்கள் வீட்டில் அந்தப் ‘படுத்த கோடு’ அப்படி வந்ததுதான். எட்டடி போர்டு, ஒன்பதரை அடி உயரம். மேலே ஒன்றரை அடித் துண்டு வைத்த இடம்.

ஜிப்சம் போர்டுக்கென்றே விற்கும் ஜாயின்டிங் காம்பவுண்டைத் தோசை மாவுக்கும் இட்லி மாவுக்கும் இடைப்பட்ட பதத்தில் கட்டியில்லாமல் கரைத்தார். கொஞ்சமாகத்தான் கரைத்தார். “இறுகிப்போனதுல தண்ணி ஊத்திக் கலக்குனா பிடிப்பே இருக்காது” என்றார். வாய்க்காலில் அதை நிரப்பி, ஈரம் இருக்கும்போதே காகித டேப்பை நடுக்கோட்டில் வைத்து, தகட்டால் அழுத்தி வழித்தார். அடியில் மாவு இல்லாத இடத்தில் டேப் கொப்புளம் போல எழும்பும். அப்படி எழும்பிய ஓர் இடத்தை அறுத்தெடுத்துவிட்டு மறுபடி ஒட்டினார். வலை போன்ற ஒட்டு டேப் கடையில் கிடைக்கிறது, ஒட்டுவது சுலபம். ஆனால், ஜாயின்ட் விரியாமல் பிடித்து நிறுத்துவதில் காகித டேப்தான் கெட்டி.

அன்றைய வேலை அவ்வளவுதான். சுவரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் இரண்டாவது கை, முந்தையதைவிட அகலமாக. அதற்கு மறுநாள் மூன்றாவது கை, ஓர் அடி அகலத்துக்கு. கோலமாவைத் தரையோடு தேய்த்துவிடுவது போல, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் மெலிந்துபோக வேண்டும். அந்தப் படுத்த கோட்டுக்கு மட்டும் இரண்டடி அகலம்வரை இழுத்தார். அங்கே வாய்க்கால் இல்லை, டேப் மேடாகத்தான் நிற்கும். மேட்டை மறைக்க முடியாது, சரிவை நீளமாக்கிக் கண்ணை ஏமாற்றத்தான் முடியும் என்றார். ஆணித்தலைகளுக்கும் மூன்று கை போட்டார்.

ஒரே நாளில் கனமாக அப்பினால் என்ன என்று கேட்டேன். “மேலே காஞ்சிடும், உள்ளே ஈரம் இருக்கும். உள்ளே காயும்போது சுருங்கும். நீங்க பெயின்ட் அடிச்சு முடிச்ச பிறகு சுருங்கும்” என்றார். எங்கள் வியாழக்கிழமைச் சுவரின் கதை எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு கைக்கும் ஒரு நாள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஒரு நாளும் போதாது. செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிச் சுவர்களும் சுண்ணாம்புக் காரையைக் கை கையாக ஏற்றித் தேய்த்து எடுத்தவைதானே!

கதவு மூலை விரிசலுக்குக் காரணம் வேறு. போர்டின் ஜாயின்ட்டைச் சரியாக நிலையின் மூலையிலேயே கொண்டு வந்து வைத்திருந்தார்கள். கதவின் அதிர்வு முழுதும் அந்த இடத்தில்தான் இறங்கும். அண்ணன் அந்தப் பகுதிப் போர்டைக் கழற்றி, ‘ட’ வடிவத்தில் மூலையைச் சுற்றிவரும்படி ஒரே துண்டாக வெட்டி மாட்டினார். புதிதாகப் போடுகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உப்புத்தாளும் தூசியும்

நாலாம் நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். முதலில் 150 நம்பர், பிறகு 220. பட்டி போட்ட இடத்தை மட்டும்தான் தேய்க்க வேண்டும். போர்டின் தாளைத் தேய்த்தால் பஞ்சு எழும்பி, பெயின்ட் அடித்ததும் சொரசொரப்பாக நிற்கும்.

இந்த நாளில்தான் கவனம் அதிகம் தேவை. மாவைவிட மெல்லிய தூசி கிளம்பும். அதில் சிலிகாவும் இருக்கலாம், நுரையீரலுக்கு நல்லதல்ல. வயதானவர்கள், குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று வீட்டில் இல்லாமல் இருப்பது உத்தமம். அறை வாசலை பிளாஸ்டிக் தாளால் அடைத்து, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை செய்கிறவருக்கும் நுரையீரல் ஒன்றுதான். அவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் ‘பரவாயில்லை’ என்று விட்டுவிடாமல் ஓர் என்95 முகக்கவசம் கொடுங்கள். பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

அதன் பிறகு சுவர் முழுவதற்கும் மெல்லிய ஒரு கை இழுத்தார். அமெரிக்காவில் இந்த வேலையை 0 முதல் 5 வரை படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஜாயின்ட்டுகளையும் ஆணிகளையும் சீராக முடிப்பது நாலாம் படி, சாதாரணப் பெயின்ட்டுக்கு அது போதும். முழுச் சுவருக்கும் மெல்லிய பூச்சு இழுப்பது ஐந்தாம் படி. பளபளப்பான பெயின்ட் அடிக்கும் சுவருக்கும், எங்கள் வீடு மாதிரி ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவருக்கும் ஐந்தாம் படிதான் சரி.

அப்புறம் பிரைமர். தாள் ஒரு மாதிரி உறிஞ்சும், பட்டி ஒரு மாதிரி உறிஞ்சும். பிரைமர் இல்லாமல் பெயின்ட் அடித்தால் ஜாயின்ட் இருக்கும் இடம் மட்டும் மங்கலாகப் பட்டை பட்டையாகத் தெரியும். பிரைமர் காய்ந்ததும் மறுபடி டார்ச். கண்ணில் பட்ட சின்னச் சின்னக் குழிகளைப் பென்சிலால் வட்டமிட்டு நிரப்பி, தேய்த்து, அந்த இடங்களில் மட்டும் மறுபடி பிரைமர் தொட்டார். ஏழாம் நாள், பளபளப்பில்லாத மேட் பெயின்ட் இரண்டு கோட். மேட் என்றால் சிறு குறைகளை வெளிச்சம் காட்டிக்கொடுக்காது.

ஆள் பிடிக்கும் முன்

தங்கைக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

* ஜாயின்ட்டில் என்ன டேப், என்ன காம்பவுண்டு என்று முதலில் கேள். ‘வெள்ளை சிமென்ட் பட்டி போதும்’ என்றால் வேறு ஆளைப் பார்.
* எத்தனை கை, நடுவில் எத்தனை நாள் என்று கேள். நாளைக் குறைத்துச் சொல்கிறவர் மலிவானவர் அல்ல.
* போர்டு தரையைத் தொடக் கூடாது. கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டு, ஸ்கர்டிங் வைத்து மறைக்கச் சொல். வீடு கழுவும் தண்ணீரை போர்டு உறிஞ்சிக்கொள்ளும்.
* குளியலறைப் பக்கம் சாதாரண போர்டு ஆகாது. ஈரம் தாங்கும் போர்டு, நேரடியாகத் தண்ணீர் படும் இடத்துக்கு சிமென்ட் போர்டு.
* டிவி, அலமாரி எங்கே மாட்டப் போகிறாய் என்பதை போர்டு மூடும் முன்பே சொல். உள்ளே பிளைவுட் வைத்தால்தான் பாரம் தாங்கும்.
* கடைசித் தவணைப் பணத்தை, பிரைமருக்குப் பிறகு விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கொடு.

எங்களுக்கு இரண்டாம் முறை ஆன செலவு, முதல் செலவில் பாதிக்கு மேல். முதலிலேயே அத்தையைப் பத்து நாள் எங்கள் அறையில் படுக்கவைத்திருந்தால் அந்தப் பணமும் மிஞ்சியிருக்கும், அவரும் இரண்டு மாதம் விரிசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். அவருக்கு நல்லது செய்கிற அவசரத்தில், அவருக்கு எது நல்லது என்று யோசிக்க நாங்கள் மறந்துபோனோம்.

பெயின்ட் காய்ந்து இரண்டு நாள் கழித்து, நல்ல வெயில் வந்த ஒரு சாயங்காலம் அத்தையை அவர் அறைக்கு அழைத்துப் போனோம். இதற்குள் அவர் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். கட்டிலில் சாய்ந்தவர், சுவரை வெகு நேரம் பார்த்தார். அண்ணனும் வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு இருக்குப்பா. மேல, வலது ஓரத்துல, குண்டூசித் தலை அளவு.”

அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். இருந்தது! உடனே தகட்டை எடுக்கப் போனவரை அத்தை தடுத்துவிட்டார்.

“விடுப்பா. இனிமே நான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கப் போறதில்ல. நாளைக்கு என்னைக் கீழே தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பேரன் சொல்லியிருக்கான்.”